ஆள் இல்லாத ஆற்றங்கரை

காம்போட் போகிறீர்களா? கம்போடியாவில், கடலுக்குக் கிட்ட, ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். தாராளமாகப் போங்கள்! ஆனால் கமராவை மட்டும் என்னைப் போன்ற ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஏன்? போன சனிக்கிழமைதான் அது எனக்கே விளங்கியது.

நாங்கள் வந்து குடியேறியிருக்கிற ஒடாஹுஹுவில் நான் வழக்கமாகப் பாண் வாங்குகிற பேக்கரி சோக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், காம்போட்காரர். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை — அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே புரியும். ஊரைவிட்டு ஓடி வந்தபோது கைதவறிப்போன தங்கையைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தார். இருக்கிறாளா, இல்லையா... தெரியாது. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மனைவியின் தம்பிக்கு அதே காம்போட்டில் பாலம் திருத்துகிற வேலை கிடைத்தது. அவனைப் பார்க்க நானும் மனைவியும் இரண்டு வாரம் லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. சோக்காவிடம் சொன்னதும் மனிதர் பாண் சுற்றுகிற தாளிலேயே பட்டியல் எழுதித் தந்தார். பழைய பாலம், ஆற்றங்கரை, சந்தை, மிளகுத் தோட்டம், உப்பளம். "படம் எடுத்து வா... நிறைய எடு" என்றார்.

எடுத்தேனே! முப்பத்தாறு படம்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஊர். போரில் உடைந்த பாலத்தைக் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டதில், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி. பின்னேரம் ஆற்றுக்கு அப்பால் மலைக்குப் பின்னே சூரியன் இறங்கும்போது மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கிளம்பும். பச்சை மிளகைக் கொத்தோடு போட்டு நண்டு வதக்கித் தருகிறார்கள். "எங்கட நண்டுக் கறிக்குக் கிட்டவும் நிக்காது" என்று தொடங்கிய மனைவி, சத்தமில்லாமல் இரண்டாவது தட்டுக்குக் கை காட்டினாள்.

ஆனால் சனம்! எந்தப் பக்கம் கமராவைத் திருப்பினாலும் யாராவது குறுக்கே. நான் விடுவேனா? பாலத்தில் சைக்கிள்கள் போய் முடியும்வரை வெயிலில் நின்றேன். சந்தையில் மிளகு விற்ற பெண்களைக் கை காட்டி ஒதுங்கச் சொன்னேன். பாவம், சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

"ஆரும் இல்லாத படம் எடுக்கிறதெண்டால் போஸ்ட்கார்ட் வாங்கலாமே?" என்றாள் மனைவி.

"உமக்கு உது விளங்காது."

அவள் கமராவைப் பறித்து என்னை ஒரு படம் எடுத்தாள். ஒரே கோணல். என் தலை பாதி இல்லை. பின்னால் மொத்தச் சந்தையும்.

போன சனிக்கிழமை படங்களைப் பேக்கரி மேசையில் பரப்பினேன். சோக்கா கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பாலத்தைப் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. படத்தின் மூலைகளைத் தேடினார்.

"ஆட்கள் எங்கே?"

"எல்லாரையும் விலக்கிவிட்டுத்தான் எடுத்தேன்" என்றேன் பெருமையாக. சொல்லி முடிக்கும்போதே நான் செய்த வேலை எனக்கு உறைத்துவிட்டது. அவர் கோபப்பட்டிருக்கலாம். "நல்ல படங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அந்தக் கோணல் படம். அதில் நின்றுவிட்டார். ஒவ்வொரு முகமாக விரல் போனது. வரிசையில் நான்கு பேர் காத்து நின்றார்கள். "தெரியவில்லை... அவளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகப் பார்த்தது. இருபது வருஷம்" என்றார். பிறகு, "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி சமையலை நிறுத்தவில்லை.

"ரிவியிலை எங்கட ஊரைக் காட்டேக்கை நீங்கள் ஆரைப் பாக்கிறனீங்கள்? கதைக்கிறவனையே? பின்னாலை போற சனத்தைத்தானே?"

"ஓம்" என்றேன். வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பிள்ளைகள் டிவிக்குக் குறுக்கே போனால் வீட்டையே இரண்டாக்குகிறவன் நான்.

உடனே காம்போட்டில் இருக்கிற மனைவியின் தம்பிக்கு ஃபோன் போட்டேன். "தம்பி, ஒரு ஃபிலிம் வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போ. முப்பது வயது தாண்டின பொம்பிளையள் எல்லாரையும் முகம் தெரிய எடு."

"அத்தான், எனக்கு அடி வாங்கித் தரப் பாக்கிறியளே?"

விஷயத்தைச் சொன்னேன். தங்கையின் பெயரைச் சோக்காவிடம் எழுதி வாங்கி ஃபாக்ஸில் அனுப்புகிறேன் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை போறன் அத்தான்" என்றான்.

நான் வெயிலில் காய்ந்து எடுத்த முப்பத்தைந்து படங்களும் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கின்றன. பேக்கரிச் சுவரில் ஒட்டியிருப்பது மனைவி எடுத்த ஒன்றுதான். அதில் தேவையில்லாமல் குறுக்கே நிற்கிற ஒரே ஆள் — நான்!