தலைகீழாக ஓடிய கேம் மெஷின்

வீடியோ கேம் கடை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: பட்டன் தட்டுகிற சத்தத்தை வைத்தே யார் தோற்கப் போகிறார் என்று சொல்லிவிடுவோம். என்னைப் போல அவதிப்பட்டவர் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், பெருங்களத்தூரில் இரண்டு டிவி, இரண்டு பழைய மெஷினோடு கடை நடத்தினேன். அதற்குள் மற்ற கடைகளெல்லாம் புது மெஷினுக்கு மாறிவிட்டன. ஜப்பான் கார்ட்டூன் வீரர்கள் பறந்து பறந்து அடித்துக்கொள்ளும் பழைய சண்டை கேம் வேண்டுமென்றால் என் ‘ஷாஹிதா அக்கா கடை’தான்.

காலேஜ் பையில் வந்த நோயாளி

காட்டாங்குளத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த கார்த்திக், தன் அண்ணன் ஆடிய பழைய மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். சிடி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. காட்டிய இரண்டு இடத்திலும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

நான் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆன் செய்தேன். சிடியைப் படிக்கிற லென்ஸ் நாளாக ஆக ஒரு பக்கம் இறங்கிவிடும். கவிழ்த்தால் கொஞ்ச நேரத்துக்கு இடத்துக்கு வரும். கேம் ஓடியது. கோளாறு இன்னதென்று தெரிந்ததும் திறந்து, துடைத்து, லென்ஸைத் தூக்கி நிறுத்தி, நேராகவே ஓடும்படி செய்து கொடுத்தேன். அவன் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, எங்க லேப் சாரை ஒரு வாட்டி இங்க கூட்டிட்டு வரட்டுமா?”

சார்ட் பேப்பர்

கேம் எல்லாம் ஜப்பான் எழுத்தில். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒவ்வொரு வரியாகத் தட்டி, என்ன நடக்கிறது என்று பார்த்து, சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டினேன்: ‘மூணாவது வரி, ரெண்டு பேர் சண்டை. நாலாவது வரி, இதைத் தொடாதே. கடைசி வரி, பட்டன் மாத்த.’

வேலைக்காக ஜப்பான் மொழி படித்த ஒரு சார், மகளோடு வந்தார். பொண்ணு ஆட, அவர் சார்ட்டையும் திரையையும் வரி வரியாக ஒப்பிட்டார். பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் எதிரே நிற்பது போல நான் நின்றேன்.

“எல்லாம் கரெக்ட் மேடம், ‘இதைத் தொடாதே’ன்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அதுலதான் எப்படி ஆடணும்னு விளக்கம் இருக்கு.”

செல்வத்தின் கட்டைவிரல்

எங்கள் கடையின் சாம்பியன் செல்வம், ஏசி மெக்கானிக். ஞாயிறுதோறும் கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவான். ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கோடு விழுந்ததில் வலது கட்டைவிரல் மடங்காமல் போனது. கேமில் குத்து, உதை எல்லாம் அந்த விரலில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்தவன், அதற்குள் கடையில் வாடிக்கையாக ஆடத் தொடங்கியிருந்த கார்த்திக்கிடம் எல்லா ஆட்டமும் தோற்றுக் கிளம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வருவதற்குள் கார்த்திக் மெல்லக் கேட்டான்: “நான் தோத்துடட்டுமா அக்கா?”

“அவனுக்குத் தெரியாதா? நீ விட்டுக் குடுத்தா அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டான்,” என்று அதட்டினேன். குத்தையும் உதையையும் ஆள்காட்டி விரல் எட்டுகிற மேல் விளிம்புப் பட்டன்களுக்கு மாற்றி வைத்தேன்.

செல்வத்துக்குப் பழைய கை மறந்து புதுக் கை வர வேண்டியிருந்தது. நாலு ஞாயிறு தோற்றான். ஆனால் தட்டுகிற சத்தம் வாராவாரம் மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது ஞாயிறு, இரண்டு பேருக்கும் நூலளவு உயிர் மிச்சமிருக்கும்போது, ஒரே உதை. கார்த்திக்கின் ஆள் கீழே.

செல்வம் கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, “வுட்டுக் குடுத்துட்டானாக்கா? மெய்யா சொல்லு,” என்றான். கார்த்திக்கைக் கை காட்டினேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அழுவுறான்க்கா! அப்போ நான் மெய்யாலுமே ஜெயிச்சுட்டேன்!”

புது மெஷின் வாங்க எனக்கு வழியில்லாமல் போனதை, பழைய கேமை விடாத என் கொள்கை என்று வட்டாரமே பாராட்டியது. நானும் யாரையும் திருத்தாமல் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.