ருகினெம் அடித்த புறாத் தாளம்

கட்டையை அடித்து ஆளைக் கொன்றவள் என்று ருகினெமைச் சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். கிணற்றடியில் கூடி நின்று சொல்வதும், நான் குடத்தோடு போனால் வாயை மூடிக்கொள்வதும் என்ன பழக்கம்? அவள் கை கட்டையை அடித்தது உண்மை. ஆளை அடித்த கைகள் வேறு. அந்தக் கைகள் இன்றைக்கும் இதே ஊரில் சோளம் உரிக்கின்றன, பிள்ளையைத் தூக்குகின்றன, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தொட்டியில் கழுவிக்கொள்கின்றன. அவற்றை யாரும் எதுவும் சொல்லவில்லை.

ருகினெம் எனக்கு உறவில்லை. எங்கள் ஊரான செந்தாங் கிடுலுக்குள் நுழைந்தால் முதல் வீடு அவளுடையது, அவ்வளவுதான். சோயாவை அவித்து, தோல் நீக்கி, தேக்கிலையில் பொதிந்து தெம்பே செய்து விற்பாள். கணவன் பார்ஜான் கலிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குப் போனவன், இரண்டு பெருநாளாக வரவில்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன் தெம்பேயில கல்லு கிடக்குது" என்று ஒருநாள் சக்கிமன் சொன்னதற்கு, "அது கல்லு இல்ல, உன் பல்லு. வீட்டுக்குப் போயி எண்ணிப் பாரு" என்றாள். ஊரே சிரித்தது. சக்கிமனும் சிரித்தான்.

சோயா அடுப்பில் இருக்கும்போது வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் பகலில் ஊரில் இருப்பவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மேலே சோளக்காட்டிலோ கீழே வயலிலோ இருப்போம். அவள் வீட்டை ஒட்டித்தான் காவல் குடில். அதில் தொங்கும் கெந்தோங்கானை, ஊருக்குச் சேதி சொல்ல அடிக்கும் அந்த ஆள் உயரப் பலாக்கட்டையை, பகலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்படித்தான் அவளிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கட்டைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொன்றாக அடித்தால் கொலை. மும்மூன்றாக அடித்தால் தீ. ஐந்தைந்தாக அடித்தால் மாடு திருட்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்றால் முதலில் மெதுவாக, பிறகு விரைவாக, கடைசியில் தேய்ந்து போகும்படி அடிக்க வேண்டும். புறா எழுந்து பறந்து மறைகிற மாதிரி இருக்கும், அதனால் அதைப் புறாத் தாளம் என்போம். அது கேட்டால் தூக்கிய அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடலாம்.

அந்த வருடம் மழை தவறியது. இரண்டு மாதத்தில் மூன்று மாடு போயின. வீட்டுக்குள் கட்டியிருந்த மாட்டையே பின்சுவர் மூங்கிலை அறுத்து ஓட்டிப் போனார்கள். பையன்கள் எல்லோரும் இடுப்பில் அரிவாளோடு திரிந்தார்கள். "ஒருத்தன் மட்டும் மாட்டட்டும்" என்று ஜரோட் தினமும் சொல்வான். யாரும் அவனை அதட்டவில்லை. நானும் அதட்டவில்லை.

சக்கிமன் வீட்டில் ஒரு பசு. அது அவன் மனைவி லாமியெமுக்கு அவள் தாய் விட்டுப் போனது. திருட்டுப் பயத்தில் அதை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது லாமியெம் உலக்கையை எடுத்தாள். அவன் என்ன செய்தான்? அவளுக்குத் தெரியாமல் மலைக்கு அப்பால் வாத்துபெலா ஊர்க் காஸ்பனிடம் விற்றுவிட்டு, "முற்பகல்ல வா, வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, அவுத்துக்கிட்டுப் போயிடு" என்று சொல்லி அனுப்பினான். லாமியெமிடம் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஊரில்தான் அப்படி நடக்கிறதே.

முன்பின் தெரியாத ஒருவன் சக்கிமன் வீட்டிலிருந்து பசுவை ஓட்டி வருவதை ருகினெம் பார்த்தாள். ஓடிப்போய் ஐந்தைந்தாக அடித்தாள். அதில் என்ன தவறு? நீங்களாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்களா?

காஸ்பன் ஓடவில்லை. பசுவை வேலியில் கட்டிவிட்டு அவளிடமே வந்தான்.

"அடிக்காதே அக்கா. நான் வாங்கின மாடு இது. சீட்டு இருக்கு பாரு."

அவளுக்கும் என்னைப் போல எழுத்து தெரியாது. ஆனால் சீட்டின் அடியில் இருந்த பெருவிரல் ரேகை தெரிந்தது. குறுக்கே ஒரு வெட்டு. சக்கிமன் விரலில் அறுப்பரிவாள் பட்ட தழும்பு அது. தெம்பேக்கு நீளும் கையை அவள் தினமும் பார்க்கிறாளே.

அதற்குள் சோளக்காட்டுப் பையன்கள் இறங்கிவிட்டார்கள். முன்னால் ஜரோட், பின்னால் தர்மின், இன்னும் நாலைந்து பேர். சக்கிமனும் கூட வந்தான். "இது உன் மாடா அண்ணே?" என்று ஜரோட் கேட்டான். சக்கிமன் பசுவைப் பார்த்தான், காஸ்பனைப் பார்த்தான், பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த லாமியெமைப் பார்த்தான்.

"என் மாடுதான்" என்றான்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். காஸ்பன் அப்போதுதான் ஓடினான், தேக்கங்காட்டைப் பார்த்து. "வாங்கின மாடுடா, விடுங்கடா!" என்று ருகினெம் கத்தினாள். அவர்கள் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அவளுக்குத் தெரிந்த பெரிய குரல் கட்டைதான். கோலை எடுத்துப் புறாத் தாளம் அடித்தாள். எல்லாம் சரி, நிறுத்துங்கள், திரும்பி வாருங்கள் என்று.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. கீழ் வயலிலிருந்து நாங்கள் பத்துப் பேர் மேலே வந்துகொண்டிருந்தோம். பாக் என்று மரியாதையாக நாங்கள் அழைக்கும் ஊர்த்தலைவர் தர்சோனோ, பள்ளிவாசல் பெரியவர், நான். பெரியவர்கள் போய்ச் சேர்ந்தால் பையன்கள் கையை இறக்குவார்கள், போன முறை ஒரு கோழித் திருடனை அப்படித்தான் காப்பாற்றினோம். பாதி மேட்டில் புறாத் தாளம் கேட்டது. "அப்பாடா, புடிச்சு ஒப்படைச்சிட்டாங்க" என்றார் தர்சோனோ. நாங்கள் திரும்பிவிட்டோம். ஓடைத் தண்ணீரை நம்பி நட்டுக்கொண்டிருந்த வயலில் நான் நாற்று முடியை மறுபடி கையில் எடுத்தேன்.

காட்டுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் காதில் அந்தத் தாளம் விழவே இல்லையாம், அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆளை விட்டுவிடுங்கள் என்பதற்குக் கட்டையில் ஒரு அடி இல்லை. தவறு நடந்துவிட்டது என்பதற்கும் இல்லை. இருந்ததில் எது நல்லதோ அதை அவள் அடித்தாள். அது எங்களைத் திருப்பி அனுப்பியது. காஸ்பனை ஓடையோரம் பிணமாகப் பார்த்தபோது மதியத் தொழுகை முடிந்திருந்தது.

தர்சோனோ வீட்டில் கூடினோம். அவன் பாறையிலிருந்து விழுந்தான், அன்றைக்குக் கட்டை சத்தமே எழவில்லை, இதுதான் ஊரின் பேச்சு என்று முடிவாயிற்று. போலீஸ் வந்தபோது எல்லோரும் அதையே சொன்னார்கள். ருகினெமைக் கேட்டபோது தர்சோனோ முந்திக்கொண்டு, "அது அடுப்படியிலேயே கெடக்கிற பொம்பள, ஒண்ணும் தெரியாது" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாகே சந்தை நாளில் காஸ்பனின் மனைவி மலை தாண்டி வந்து காவல் குடிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. போகிறவர் வருகிறவரை எல்லாம் ஒரே கேள்வி கேட்டாள்.

"அன்னிக்குக் கட்டை அடிச்சது யாரு?"

"யாரும் அடிக்கலியே."

"எங்க ஊர் வரைக்கும் கேட்டுச்சே. அஞ்சு அஞ்சா கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து நின்னேன். அப்புறம் புறா கேட்டுச்சு. சரி, ஒண்ணும் இல்லேன்னு உலை வெச்சேன். அவருக்கும் சேர்த்து அரிசி போட்டேன்."

ஐந்து நாளுக்கு ஒரு வாகே. அவள் மூன்று வாகே வந்தாள். மூன்றாவதில் ருகினெம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "நான்தான் அடிச்சேன் தங்கச்சி. ரெண்டையும் நான்தான் அடிச்சேன்" என்றாள். ஊர் முழுக்கக் கேட்டது.

எங்கள் வீட்டு வாசல் தூண்களில் ஒரு சின்ன மூங்கில் குவளை தொங்கும். மாலையில் அதில் ஒரு கிள்ளு அரிசி போடுவோம். காவல் சுற்றுகிறவர்கள் எடுத்துப் போவார்கள். விடிந்து பார்த்தால் குவளை காலியாக இருக்கும், உன் வீட்டையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். மறுநாள் காலையில் ருகினெம் குவளையில் அரிசி அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். அவள் மாலைதோறும் மேலே ஒரு கிள்ளு போட்டுக்கொண்டே வந்தாள். பிடிவாதக்காரி. குவளை நிரம்பி எறும்பு ஏறியது.

தெம்பேயை யாரும் வாங்கவில்லை. முதலில் அவள் வளர்த்த வாத்துகள் திருட்டுப் போயின. பிறகு ஊறப்போட்ட சோயாவில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். ஒரு காலையில் அவள் படுக்கும் பக்கத்து மூங்கில் சுவரில், சரியாகத் தலை வைக்கும் இடத்தில், அரிவாள் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். நான் விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு பச்சையாக இருந்தது.

தர்சோனோவிடம் போனோம். அவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார், சர்க்கரை போட்டு.

"திருட்டா? அப்போ கட்டையை அடிக்க வேண்டியதுதானே ருகினெம்?"

"கோலைக் காணோம் பாக்."

"அப்படியா? சொல்லவே இல்லையே." அவர் மெதுவாக ஆற்றிக் குடித்தார். "ஒரு சத்தியம் பண்ணிடு. அன்னிக்குக் கட்டை அடிக்கல, சும்மா அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டுச் சொன்னேன்னு. நாளையிலேர்ந்து உன் அரிசியை எடுக்கச் சொல்றேன். ஊருன்னா ஒருத்தருக்கொருத்தர் காவல்தானே."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னா நான் என்ன செய்யறது? பார்ஜானும் தூரத்துல இருக்கான். மூங்கில் வீடு வேற."

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன். "பண்ணித் தொலையேன்டி. செத்தவன் வரப் போறானா?" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அதையும் விடாமல் சொல்ல வேண்டும்.

"அவ உலை வெச்சா அக்கா" என்றாள் ருகினெம்.

அடுத்த வாகே அன்று, வெயில் ஏறிய பிறகு, அவள் தன் பழுப்பு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். தர்சோனோ குடிலில் உட்கார்ந்திருந்தார், தற்செயலாக வந்தவர் போல.

"எங்கே கெளம்பிட்டே?"

"சந்தைக்கு."

"கூடையைக் காணோமே?"

"இன்னிக்கு வாயை மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன் பாக். போலீஸ் நிலையமும் சந்தைப் பக்கம்தானே."

அவர் சிரித்தார். "வழி மோசம். தேக்கங்காட்டுல தனியாப் போகாதே. பசங்களைத் தொணைக்கு அனுப்பட்டுமா?"

"வேணாம். அவங்க தொணையை நான் பார்த்திருக்கேன்."

வாசல்களில் எல்லோரும் நின்றார்கள். சக்கிமன் கதவு மட்டும் சாத்தியிருந்தது. நான் அவளோடு பாலம் வரை நடந்தேன், அதற்கு மேல் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவள் என் தோளைத் தொட்டுவிட்டு, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் நடந்து தேக்கு மரங்களுக்குள் போனாள்.

பள்ளிவாசல் பின்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பாலத்தின் நடுவில் நின்று, "டேய் ஜரோட்! டேய் தர்மின்! நான் பார்த்துட்டேன்டா!" என்று கத்தினேன். ஜரோட் திரும்பி என்னைப் பார்த்தான். இருவரும் வண்டியை என் பக்கவாட்டில் வளைத்து ஓட்டிக்கொண்டு, அவள் போன வழியிலேயே போனார்கள்.