திருப்பிக் கேட்ட மாத்திரை

தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பேரப்பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது இதற்காக மருமகள் என்னோடு சண்டை பிடித்திருக்கிறாள். "பாடுபட்டுத் தூங்க வைக்கிறேன், நீங்க வந்து கன்னத்தக் கிள்ளுறீங்களே அத்தை" என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஒரு குழந்தை சத்தமே இல்லாமல் கிடந்தால் அந்த அறையைத் தாண்டிப் போக என்னால் முடியாது. அது சிணுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில், அரசாங்கத்தின் மருந்துப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்தேன். வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் நான். தோட்டத்துத் தமிழருக்கு அரிதான பிரஜாவுரிமை அப்பாவுக்கு எப்படியோ கிடைத்திருந்தது. அதனால் மருந்து கலக்குகிற படிப்பும், பிறகு அந்த நாற்காலியும் எனக்கு வாய்த்தன. என்னோடு படித்த, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

எங்கள் பிரிவு புதியது. ஒரே மருந்து பல கம்பெனிகளின் பெயரில், பல விலைகளில் நாட்டுக்குள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். எது உயிர் காக்கும், எது வெறும் வர்ணத் தண்ணீர் என்று பிரித்து, அரசாங்க ஆஸ்பத்திரிகள் இன்னின்னதை மட்டும் வாங்க வேண்டும் என்று முடிவுகட்ட டாக்டர்மார் கூடிக்கூடிப் பேசினார்கள். சந்தேகமான மருந்தைச் சோதனைக்கு அனுப்புவதும், கெட்டது என்று தெரிந்தால் போன இடமெல்லாம் தேடித் திரும்ப வாங்குவதும் எங்கள் வேலை. அதிகாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடிதம் எழுதலாம். அதற்கு மேல் கெஞ்சலாம்.

தோட்டங்கள் இந்தப் பேச்சுக்கே வெளியில் இருந்தன. தோட்டத்து டிஸ்பென்சரி கம்பெனியின் சொத்து. எது மலிவோ அதைக் கொழும்பு வியாபாரியிடம் வாங்கிக்கொள்வார்கள். சங்கிலி போட்ட தோட்டத்து ரோட்டில் தோட்டத்தை நடத்தும் தொரையின் சம்மதம் இல்லாமல் எங்கள் ஜீப் நுழைய முடியாது. டாக்டர்மாரின் கூட்டத்தில் மூலையில் இருந்து குறிப்பெடுக்கிற நான் ஒருமுறை வாய் பொறுக்காமல், "தோட்டத்து ஆட்களும் இதே மருந்தைத்தானே விழுங்குகிறார்கள்?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தேநீர் குடிக்க எழுந்து போனார்கள்.

அந்த டின் விஷயம் மழைக்காலத்தில் வந்தது. காய்ச்சல் மாத்திரை என்று லேபிள் ஒட்டிய டின்களில், வலிப்பு நோய்க்காரருக்குக் கொடுக்கிற தூக்க மாத்திரை இருந்தது. எங்கோ அடைக்கும்போது மாறிப் போயிருக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு. வளர்ந்த ஆள் ஒன்று விழுங்கினால் அசதியாகக் கிடப்பான். சின்னப் பிள்ளைக்கு அது நஞ்சு. ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்திக்குச் சந்தேகம் வந்து சொன்னதால் வெளிப்பட்டது. வியாபாரி விற்ற டின்களையெல்லாம் பிடித்துவிட்டோம், ஒன்றைத் தவிர. அது டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் பிரிவின் இன்ஸ்பெக்டர் மாத்தையா சிங்களவர்; மாத்தையா என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. தங்கமான மனிதர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். தமிழ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். ரயில் வட்டவளையைத் தாண்டும்போது நான் வழக்கமாக எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையைத் தேடுவேன். அன்று மலை முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்தது. தலவாக்கலையில் இறங்கி, ஜீப்பில் ஏற ஏற, ரோட்டின் ஓரம்கூடத் தெரியவில்லை.  

தோட்டத்து டாக்டரையா ஐம்பது வயதுக்காரர். படித்த டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிறவர்தான். ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரையா. டின் எங்கே என்று கேட்டோம். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்து வைத்தார். டின்னை அதில் கொட்டியிருந்தார். சாடியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"இதுக்கு நல்ல கிராக்கிங்க" என்றார் பெருமையாக. "பொம்பளைங்க கேட்டுக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. காய்ச்சல் இல்லாட்டியும் காய்ச்சல்னு வந்து நிக்கிறாங்க."

"ஏன்?" என்றேன்.

"தெரியலீங்க. என் கைராசின்னு நெனச்சேன்."

அது என்ன மாத்திரை என்று சொன்னோம். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சாடியின் மூடியைத் திருகித் திருகி மூடினார். அது எப்போதோ மூடிவிட்டது.

பங்களாவுக்குப் போனோம். தொரை எங்களை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். போன மாதம்தான் ஒரு வேலைநிறுத்தம் முடிந்திருந்தது. தோட்டம் நஞ்சு கொடுத்தது என்று வாயைத் திறந்தால் மறுபடியும் கூடையை இறக்கிவிடுவார்கள், லயத்தில் கலவரம் நடக்கும் என்றார். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் மாத்திரையைத் திருப்பிக் கேட்கலாம். காரணம் சொல்லக் கூடாது. அதற்குச் சம்மதம் என்றால் தங்கலாம், இல்லையென்றால் ஜீப் கீழே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மாத்தையா தலையாட்டினார்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "மாத்தையா, நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் எங்களிடம் திருப்பிக் கேட்பது நல்ல சாமானை மட்டும்தான். ஆள் செத்தால் மண்வெட்டியைக் கேட்பார்கள், கவ்வாத்துக் கத்தியைக் கேட்பார்கள். புழுத்த அரிசியை யாரும் எந்த நாளும் திருப்பிக் கேட்டதில்லை. காரணம் சொல்லாமல் கேட்டால் ஒளித்துத்தான் வைப்பார்கள்." அவர் சிரித்தபடி என் தோளைத் தட்டிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் பக்கத்து ஆளின் முகம் தெரியாத பனி. கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு பெண்கள் நின்றார்கள். முன் வரிசையில் ஓர் இளம் தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பயல் எட்டி என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். சின்னக் கை, நல்ல பிடி. விடுவிக்கச் சிரமமாக இருந்தது.

"சளிங்க நர்ஸம்மா. ராவெல்லாம் தூங்கல, என்னையும் தூங்க விடல" என்றாள் அவள். நான் நர்ஸ் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

தொரை கணக்கப்பிள்ளையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினேன். டிஸ்பென்சரியில் கொடுத்த வெள்ளை மாத்திரை வீட்டில் இருந்தால், எல்லோரும் இன்றைக்கே டாக்டரையாவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சொன்னேன், அவ்வளவுதான் சொல்ல விட்டார்கள். கூட்டத்தில் ஒரு சின்ன அசைவு. அதை நான் சிறுபிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறேன். பெண்களின் கைகள் கம்பளிக்குள் போயின.

பிறகு எங்கள் பிரிவில் விதிகள் எழுதியபோது, மருந்தைத் திரும்பப் பெறும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும், அதுவும் அந்த மக்களின் பாஷையில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். இந்தப் பெண் எதற்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கேட்டார்கள். அந்தப் பனிக்குள் நின்று பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரட்டு கலைந்தபோது அந்தத் தாயிடம் போய், "உன்கிட்ட இருக்கா?" என்றேன்.

"எங்ககிட்ட ஏதுங்க?" அவள் கை முந்தானை முடிச்சைப் பொத்தியது.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தொரையாவது மண்ணாவது என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டேன். "அது காய்ச்சல் மாத்திரை இல்லம்மா. தூக்க மாத்திரை. புள்ளைக்குக் குடுத்தா உசிருக்கே ஆபத்து."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தான் திருப்பிக் குடுங்கன்னீங்க. குடுக்கலன்னதும் நஞ்சுங்கிறீங்க. நஞ்சா இருந்தா அத்தன பேருக்கும் முன்னாடி சொல்லியிருப்பீங்கள்ல?"

 கணக்கப்பிள்ளை நேரமாகிறது என்று சத்தம் போட்டார். அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் தோளுக்கு மேலே அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான்.

இன்ஸ்பெக்டர் மாத்தையா பங்களாவுக்குச் சாப்பிடப் போனார். நானும் டாக்டரையாவும் லயம் லயமாக ஏறி இறங்கினோம். எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டதால் முக்கால்வாசிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. இருந்த ஒன்றிரண்டு பேர் எங்களைச் சமாதானப்படுத்த எதையாவது கொடுத்தார்கள்: மஞ்சள் மாத்திரை, பழைய களிம்பு, பேதி உப்பு. வெள்ளை மாத்திரை ஒன்றுகூட இல்லை. கடைசியில் பிரசவித்து வீட்டில் இருந்த ஒருத்தி டாக்டரையாவின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"குடுக்க மாட்டாங்க டாக்டரையா. அத வச்சுத்தானே வேலைக்குப் போறாங்க. அரை மாத்திர குடுத்தா, சாயங்காலம் வரைக்கும் புள்ள அழுவாமக் கெடக்குது. இல்லாட்டி மடுவத்துலேருந்து ஆள் வரும், ஓடணும், அரைப்பேரு போட்டுருவாங்க, பாதிக் கூலி போயிரும். மடுவத்து ஆயாவே வாங்கி வச்சிருக்குதுங்க."

பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்தெடுக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டில். நாங்கள் தேடவேண்டிய ஒரே இடம் அதுதான். அங்கே மட்டும் போகவில்லை. டாக்டரையா எனக்கு முன்னால் ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் பிறந்த தோட்டத்தில் மடுவம் எங்கே என்று யாரும் வழி கேட்க மாட்டார்கள். அழுகை காட்டிக் கொடுத்துவிடும். இங்கே தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.  உள்ளே நீள விட்டத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றும் ஆடவில்லை. நடுவில் ஆயா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாங்க" என்றாள். "புள்ளைங்க தூங்குதுங்க. எம் மடுவத்துல ஒரு புள்ள அழுவாது."

நான் முதல் தொட்டிலிலிருந்த பிள்ளையைத் தூக்கிப் பாதத்தில் அடித்தேன். ஆயா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அடிக்க அடிக்க அது முகத்தைச் சுளித்து அழுதது. டாக்டரையா அடுத்ததை எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அழுகை எழுந்தது. அதைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. கடைசித் தொட்டிலில் மூக்கு ஒழுகிய அந்தப் பயல் இருந்தான். பாதத்தில் அடித்தேன். கன்னத்தைக் கிள்ளினேன். என் கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். கை மூடவில்லை.

"வந்த கொஞ்ச நேரத்துலயே சொக்கிப் போச்சு" என்றாள் ஆயா. அப்போதுதான் அவள் அரிசியைக் கீழே வைத்தாள். "நடுவுல சளிக்கு இருமி எந்திரிச்சு சிணுங்குச்சு. ஒரு மாத்திர கரைச்சுப் புகட்டுனேன். அதோட அம்மாவும் குடுத்துட்டுப் போயிருப்பான்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

டாக்டரையா பிள்ளையை மேசையில் கிடத்தி, தெரிந்ததையெல்லாம் செய்தார். ஜீப்புக்கு ஆள் அனுப்பினோம்; அது பங்களாவிலிருந்து இறங்கி வருவதற்குள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

அந்தத் தாயை மலையிலிருந்து கூட்டி வந்தார்கள். கூடை இன்னும் முதுகில் தொங்கியது. வழியெல்லாம் கொழுந்து சிந்தியிருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் மேசைப் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள். முந்தானை முடிச்சை விரல்களால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். என் கையை இழுத்து, விரல்களை விரித்து, அதில் அந்த மாத்திரைகளை வைத்தாள். மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"இந்தாங்க நர்ஸம்மா, உங்க மாத்திர. எல்லாம் இருக்கு. நான் ஒண்ணுகூட ஒளிக்கல. எடுத்துக்கிட்டு எம் புள்ளைய எழுப்பி விட்டுருங்க."

நான் வாங்கிக்கொண்டேன். அதற்காகத்தானே வந்திருந்தேன்.