பெரிய சக்கரம் மாட்டிய வாரம்

சக்கரத்தை மாற்றச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பிரசவ நர்ஸ். என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். கிராமத்தில் யாருக்காவது வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தால் இரண்டு பேரும் அதில்தான் போவோம். சிங்கவரம் பக்கம் பாதையெல்லாம் கல். வண்டியின் அடி அதில் டங்கென்று இடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும்.

"பெரிய சக்கரமா போட்டா வண்டி ஒசந்து நிக்கும் இல்லீங்களா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அவர் விழுப்புரத்திலிருந்து நாலு பெரிய சக்கரங்களை டயரோடு வாங்கி வந்தார். மாட்டித் தந்த மெக்கானிக் ஸ்டீரிங்கை ஒருதரம் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முழுசா ஒடிச்சா மட்கார்டுல மாட்டுது நர்ஸம்மா. ஆளு ஏறினா பின்னாடியும் உரசும்."

"பாத்து ஓட்டிக்கிறோம்" என்று என் வீட்டுக்காரருக்கு முந்தி நான் பதில் சொன்னேன். காலி வண்டியில் ஒரு சுற்று போய் வந்தோம். எங்கும் இடிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் குழந்தை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பின் சீட்டில் அந்தப் பெண், அவள் அம்மா, நான். முன்னால் அவள் புருஷன், மடியில் துணிமூட்டை.

பள்ளத்தில் இறங்கியதும் பின்பக்கம் கரகரவென்று உரசியது. ரப்பர் கருகும் வாடை. "மாதாவே, இன்னாம்மா நாத்தம்?" என்றாள் பெண்ணின் அம்மா. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஏரிக்கரை முனையில் வண்டி இடதுபக்கம் ஒடிய வேண்டும். பாதி திரும்பி, அதற்குமேல் ஸ்டீரிங் வரவில்லை. முன் சக்கரம் மட்கார்டில் சிக்கிக்கொண்டது. எதிரே தண்ணீர். என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கிற மாதிரி பிரேக்கை மிதித்தார். கரை விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

அந்தப் பெண் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன்தான் முதலில் இறங்கினான். "பாரம் கொறைஞ்சா போவுமில்ல? நீங்க போங்க. நாங்க நடந்து வர்றோம்." மாமியாரையும் மூட்டையையும் இறக்கிவிட்டு, விளிம்பில் நின்று வண்டியைப் பின்னால் தள்ளினான். அவர் ரிவர்ஸ் எடுத்து, கொஞ்சம் முன்னே போய், மறுபடி ரிவர்ஸ் எடுத்து, மூன்று தவணையாக அந்த முனையைத் திருப்பினார். அதற்குப்பின் மாட்டுவண்டி வேகம்தான். வழியில் இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வளைவு வரும்போதெல்லாம் நான் அவளைப் பார்ப்பதா, ரோட்டைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் டாக்டர் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். பெண் குழந்தை. முதலில் சத்தமே இல்லை. காலைப் பிடித்துத் தட்டினேன். வீல் என்று கத்தியது பாருங்கள், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நான் சொல்லித்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொன்னே, நான் போட்டேன். போதும், டீ குடிக்கலாம் வா."

பொழுது சாய, புழுதி படிந்த காலோடு பெண்ணின் அம்மாவும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். குழந்தையைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே பழைய சக்கரங்களை மாட்டச் சொல்லிவிட்டோம். மெக்கானிக் எதுவும் கேட்காமல் மாட்டினார். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கை இடது கடைசிவரை திருப்பினார். பிறகு வலது கடைசிவரை. ஒரு சத்தமும் இல்லை. பட்டறை வாசலிலேயே, போவதற்கு எந்த இடமும் இல்லாமல், அப்படியே திருப்பிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.