மருந்துக்கடை முனையில் விட்டுப்போன இரண்டு பட்டைகள்

சாலைக் கோடு போடும் குழுவுக்கு வந்த முதல் பெண் மேஸ்திரி அவள்தான். அந்தப் பதவி சும்மா வந்து மடியில் விழவில்லை. பத்தொன்பது வருடம் வெயிலில் கருகி, கொதிக்கும் பெயின்டின் ஆவியை மூச்சோடு விழுங்கி, முழங்கால் தேயச் சம்பாதித்தது. மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வீட்டுக்காரர் அதற்காகவே நாளைக்கு நாலு தரம் கூப்பிடுவார்.

அவர் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டைதான் அவருக்குச் சோறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். முழங்கையில் கட்டு, பேன்ட் முட்டியில் கிழிசல்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு அம்மா மேல மோதிட்டேன். தையல்கடை வெச்சிருக்காங்களாம். மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு." அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "பட்டை மேல நடந்து வந்தாங்க. நான் நின்னிருக்கணும், நிக்கல."

"எந்த இடத்துல?"

"மருந்துக்கடை முனை."

அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது.

அந்த ஊரின் விதி குழந்தைக்கும் புரியும். நடப்பவர்களுக்கான வெள்ளைப் பட்டைகள் சாலையைத் தாண்டி, ஓரத்துப் பச்சைச் சைக்கிள் தடத்தின் மேலும் போட்டிருந்தால், சைக்கிள்காரர் நின்று வழிவிட வேண்டும். பட்டைகள் தடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டால், நடப்பவர்தான் நின்று சைக்கிளைப் போகவிட வேண்டும். மருந்துக்கடை முனையில் மொத்தம் பன்னிரண்டு பட்டைகள். கடைசி இரண்டு பச்சைத் தடத்தில் விழ வேண்டியவை.

அந்த இரண்டையும் அவள் போடவில்லை.

பதினோரு நாளைக்கு முன்பு, மருந்துக்கடையின் ஓட்டைக் குழாய் தடத்தை நனைத்துவிட்டிருந்தது. ஈரத்தில் பெயின்ட் ஒட்டாது. 'நாளைக்குப் போற வழியில போட்டுக்கலாம்' என்று விட்டாள். ஆனால் வேலைத்தாளில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லா மேஸ்திரிகளும் செய்வதுதான். தாள் முடியாமல் போனால் பெயின்ட் காய்ச்சும் கொதிகலன் வண்டியை டிப்போவில் உள்ளே விடமாட்டார்கள். மறுநாள் ஊரின் மறுகோடியில் அவசர வேலை. அதற்கடுத்த நாள் வேறொன்று. அந்த இரண்டு பட்டைகளும் மனசிலிருந்தே அழிந்துபோயின.

"அங்க... தடத்து மேல பட்டை இருந்துச்சாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் கவனிச்ச மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா அது நீ போட்ட இடமாச்சே! இல்லாமலா போயிடும்? என் கண்ணுதான் எங்கேயோ மேய்ஞ்சிருக்கு."

ஐயோ, அந்த நம்பிக்கை! அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

காலையில் முதல் ஆளாக மருந்துக்கடை முனைக்கு ஓடினாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைத் தடத்தின் மேல் இரண்டு பட்டைகள், பால் மாதிரி வெள்ளையாக.

டிப்போவில், கொதிகலனைக் கவனிக்கிற அடுப்புக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, மூச்சு விடாதீங்க. அந்த முனையில நேத்து யாரோ விழுந்துட்டாங்க. இன்னைக்கு ஆபீஸ்லேர்ந்து படம் எடுக்க வராங்கன்னு காதுல விழுந்துச்சு. நேத்து சாயங்காலமே சின்ன அடுப்பைத் தூக்கிட்டுப் போய் ரெண்டையும் போட்டுட்டேன். இனி உங்க மேல ஒரு தூசி விழாது."

"அந்த சைக்கிள்காரர்?"

"அவன் எவனோ! கொஞ்ச நாளு நடந்து போகட்டும், உடம்புக்கு நல்லது."

"அது என் வீட்டுக்காரர்ப்பா."

அடுப்புக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

விபத்து விசாரணை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. வியாழன் மாலைவரை அவள் வீட்டில் இதைச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்காரர் அனுமதி அட்டையைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "நாளைக்கு இதைக் குடுத்துட வேண்டியதுதான். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். மனசாவது லேசாகும்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. குழாயடி ஈரம், தாளில் போட்ட கையெழுத்து, அடுப்புக்காரரின் உபகாரம், எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அப்போ நான் குருடு இல்ல," என்றார் அவர்.

"இல்லீங்க."

"மூணு நாளா கண் டாக்டரைப் பாக்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன், தெரியுமா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "சரி, இதை இங்கேயே விட்டுடு. அங்க வந்து சொல்லாத. உன் மேஸ்திரி வேலை போயிடும். நான் வேற எதாவது பாத்துக்கறேன்."

"உங்க தலைமேல ஏறி நின்னுதான் நான் மேஸ்திரியா இருக்கணுமா?"

அனுமதி அட்டையை மேசையிலிருந்து எடுத்து மறுபடி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

விசாரணை அறையில் நான்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. தையல்காரம்மா மாவுக்கட்டுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி படத்தை மேசைமேல் வைத்தார்.

"தடத்து மேல பட்டை தெளிவா இருக்கு. நீங்க நிக்கல. சரிதானே?"

வீட்டுக்காரர் வாயெடுப்பதற்குள் மேஸ்திரியம்மா எழுந்துவிட்டாள்.

"சார், அன்னைக்கு அந்த ரெண்டு பட்டையும் அங்க இல்ல. இது விபத்துக்கப்புறம் போட்டது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பெயின்ட் காயறதுக்குள்ள மேல கண்ணாடி மணி தூவுவோம், வெளிச்சத்துல மின்னறதுக்கு. பத்து நாள் சக்கரம் ஏறினா மேல் மணி உதிர்ந்துடும். நடுவுல இருக்கற பட்டையைத் தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கும். இந்த ரெண்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரங்கும். முடிஞ்சதுன்னு பொய்க் கையெழுத்துப் போட்டது நான். அப்புறம் போட்டது என் குழு ஆளு, என்னைக் காப்பாத்தறதுக்கு. மேஸ்திரி நான், பொறுப்பு என்னுது."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "அப்படின்னா விதிப்படி, நின்னிருக்க வேண்டியது இந்தம்மாதான்னு ஆகுதே."

தையல்காரம்மா கொதித்தெழுந்தாள். "ஆகா! கையும் ஒடஞ்சு, தப்பும் என்னுதா? ரொம்ப நல்லாருக்கே உங்க நியாயம்!"

"அவங்க மேலயும் தப்பில்ல சார்," என்றாள் மேஸ்திரியம்மா. கண்கள் நிறைந்துவிட்டன. "பத்துப் பட்டை போட்டு வா வான்னு கூப்பிட்டுட்டு, கடைசி ரெண்டுல கைவிட்டவ நான். முழுசா முடிக்காத கோட்டை நம்பி ரெண்டு பேரும் வந்தாங்க."

அதிகாரி ஆளனுப்பிப் பட்டைகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அரைமணியில் அவள் சொன்னது சரிதான் என்று பதில் வந்தது. அதிகாரி தீர்ப்பு எழுதினார். சைக்கிள்காரர் மீது தப்பில்லை, அட்டை அவரிடமே இருக்கலாம். தையல்காரம்மாவின் வைத்தியத்தை அலுவலகம் ஏற்கும். மேஸ்திரியம்மாவுக்கு ஒரு வருடம் மேஸ்திரிப் பதவி இல்லை. குழுவில் சாதாரண ஆளாக வேலை செய்ய வேண்டும். அடுப்புக்காரருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு.

வெளியே வராந்தாவில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். தையல்காரம்மாதான் முதலில் தொண்டையைச் செருமினாள்.

"புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து என் கையை ஒடச்சிருக்கீங்க. மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். பதினாலு சட்டை பட்டன் தைக்காம கெடக்கு. சாயங்காலம் வந்து சேருங்க."

போனார்கள். பெரிய தையல்கடையல்ல, ஒரு மெஷினும் ஒரு பெஞ்சும் போட்ட சின்ன அறை. வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோக்க ஒன்பதாவது முறையாக முயன்றுகொண்டிருந்தார்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் தையல்காரம்மா.

"ரோட்டுக்கு நல்லாருக்குங்க. ஊசிக்குப் பழகணும்."

மேஸ்திரியம்மா பட்டன் தைத்துக்கொண்டே சிரித்தாள். தையல்காரம்மா அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "திங்கக்கிழமை வேலைக்குப் போவியா? உனக்குக் கீழ இருந்தவங்க முன்னாடி?"

"போவேங்க. மணி தூவற வேலை குடுத்திருக்காங்க."

"அழுகை வரல?"

"வந்துச்சு. மத்தியானமே அழுதுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அடுத்த சட்டையைக் குடுங்க."