தோவாளையில் சரோஜா வைத்த பூ

சரோஜா செத்துப் போனாள்.

இன்று காலை மீன் எடுக்கக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்துவிட்டாளாம். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது...

திருவொற்றியூர் மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்துப் பலகை அவளுடையது. வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் தங்கமான மனுஷி, வெள்ளை மனசு என்று போடுகிறீர்கள். போடுங்கள். நீங்கள் யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் எழுந்திருக்காமல் கிடந்தேன். சரோஜா வந்தாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று பார்த்தேன்.

"எழுந்து வாடி. துக்கம் கெட்டுப் பூடாது. மீனு கெட்டுப் பூடும்."

எழுந்து போனேன். என்னை எழுப்ப வேறு யாரும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்க்கெட் பெண்கள் சேர்ந்து கன்னியாகுமரிக்கு வேன் பிடித்தோம். ஓட்டியது செல்வம். சரோஜாவுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை.

நான் என் பேத்தி ரேகாவைக் கூட்டிப்போனேன். தாயில்லாப் பிள்ளை, நான் வளர்த்தது. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி. ராயபுரத்தில் ஷிப்பிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை... அஞ்சாங்கிளாஸோடு நின்றவளின் பேத்தி.

செல்வத்துக்கும் ரேகாவுக்கும் இஷ்டம். மார்க்கெட்டுக்கே தெரியும். பாக்கி இருந்தது சரோஜாவின் ஒரு வார்த்தைதான்.

"ஊரு சுத்திகினு திரும்பறதுக்குள்ள சொல்றேன்" என்றிருந்தாள்.

திருநெல்வேலியில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். ஆரல்வாய்மொழிக் கணவாய். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரோடு, காற்று வேனையே தள்ளுகிறது. நாங்கள் பார்த்த உயரம் எண்ணூர் புகைபோக்கிதான். ஒருத்தி மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள்.

கணவாயைத் தாண்டியதும் தோவாளை. ரோடு முழுக்கப் பூ வாசனை. சரோஜா இறங்கிப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தாள். அங்கே பிச்சி என்கிறார்கள், நம்ம ஜாதிமல்லிதான்.

ரேகாவை முன்னால் கூப்பிட்டாள். திருப்பி நிறுத்தி, தன் கையாலேயே தலையில் பூவை வைத்தாள்.

எங்கள் குப்பத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவள் இப்படி நாலு பேர் முன்னால் பூ வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தட்டு மாற்றுவதெல்லாம் அப்புறம். வேனில் ஒரே கைதட்டல். செல்வம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். நான் முந்தானையில் மூக்கைச் சிந்தினேன்.

அடுத்து முட்டம். பாறையில் அலை அடித்துச் சிதறுகிறது.

"கடலைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? அது நம்ம வூட்டு வாசல்லயே கீது" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

அந்தச் சிரிப்போடு கேட்டேன்: "இன்னா சம்பந்தி, நிச்சயத்தைத் தையில வெச்சுக்கலாமா?"

"யாருடி சம்பந்தி?"

"பூ வெச்சியேடி..."

"சீப்பா கெடச்சுது, வெச்சேன். உனக்குந்தான் குடுத்தேன், உன்னையும் என் புள்ளைக்குக் கட்டணுமா?"

அவள் நிறுத்தவில்லை.

"நம்ம சந்துல வெளிச்சம் ஏது? இங்க வெயில்ல நிக்க வெச்சா இல்ல தெரியுது உன் பேத்தி மூஞ்சி. ராவுல என் புள்ள இத்த டார்ச் அடிச்சித் தேடணுமா?"

ரேகா இரண்டடி தள்ளி நின்றாள். எல்லாம் கேட்டது. செல்வத்துக்கும் கேட்டது... அவன் வேன் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

அங்கிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே ரோடு. தென்னை, வெள்ளை வெள்ளையாகச் சர்ச், மணலில் இழுத்துவிட்ட படகுகள். சரோஜா மட்டும், "பாருங்கடி, இன்னா அழகு" என்று ஒவ்வொரு ஊருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பூவை எடுத்துப் போடு என்றேன் ரேகாவிடம்.

"வாடுற வரைக்கும் இருக்கட்டும் ஆயா" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள்.

திரும்பி வந்து மறுபடியும் பக்கத்துப் பக்கத்துப் பலகைதான். சரோஜா அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிள்ளைக்குச் சிவப்பாகப் பெண் தேடிப் பழவேற்காடு வரை போனாள். அமையவில்லை. ரேகாவும் வந்த வரனையெல்லாம் தட்டிவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று மதியம் போனேன். ஐஸ் பெட்டிக்குள் சரோஜா... வாயை மூடிக்கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

செல்வம் பக்கத்தில் வந்து குனிந்தான். அம்மாவைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வருகிறான் என்று காதைக் கொடுத்தேன்.

"ஆயா... ரேகா வரலியா? இனிமே அம்மா ஒண்ணியும் சொல்லாது."

பெட்டி மேல் இன்னும் மாலைகூட முழுசாக விழவில்லை.

"உங்கம்மா என் மூஞ்சிக்கு நேரா சொன்னாடா. நீ இன்னாத்த சொன்னே? தள்ளு, தூக்கறவங்க வராங்க."

தள்ளி நின்றான். அவனுக்கு அது நன்றாகப் பழக்கம்.

சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன். ரேகா இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை.

போய்ச் சேருடி சரோஜா.