பேம்பூ ஃபிளாட் ஏற்றத்தில் நின்றுபோன ஸ்கூட்டர்

தீவின் மின்துறை அலுவலக எழுத்தர் விசாலாட்சி எந்த மெக்கானிக்கையும் நம்பமாட்டாள். தன் நூறு சிசி பழைய ஸ்கூட்டருக்குச் சென்னையிலிருந்து கப்பலில் நூற்றிருபத்தைந்து சிசி சிலிண்டர் கிட் வரவழைத்தாள். பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டி, கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றினாள்.

அன்று முதல் ஓட்டம். சாத்தம் துறையில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்றியபோது, பக்கத்து ஸ்கூட்டரில் பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பெட்ரோல் டேப்பை மூடுங்க! பொறி பட்டா அத்தனை பேரும் காலி!" என்று கத்தினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மூடினார். தன் வண்டி டேப்பையும் மூடினாள்.

பேம்பூ ஃபிளாட்டில் இறங்கி ஏற்றத்தில் பாதி போனதும் வண்டி இருமிவிட்டு நின்றது. எதிரே வந்த ஜீப்காரர் எட்டிப் பார்த்து, "தீதி, பிஸ்டன் ஜாம் ஹோ கயா" என்று, பிஸ்டன் இறுகிவிட்டதாக இந்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

விசாலாட்சி இறங்கி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். பிஸ்டன் இறுகியிருந்தால் கிக்கர் அசையாது. இன்னொரு கிட்டுக்கு மறுபடி கப்பலைப் பார்த்துக் காத்துக்கிடக்க வேண்டும். மிதிக்கத் துணிவில்லாமல், கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினாள். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழுவழுவென்று இறங்கியது.

பிஸ்டன் இறுகவில்லை! பிறகு என்ன கேடு? குனிந்து பார்த்தாள். ஃபெர்ரியில் மூடிய டேப் மூடியபடியே இருந்தது. கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

போன உயிர் திரும்பி வந்தது. டேப்பைத் திறந்து இரண்டாவது உதை கொடுத்ததும் வண்டி உறுமியது. கீழே, அவளிடம் திட்டு வாங்கியவர் வேர்க்க விறுவிறுக்கத் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணா," என்றாள், இந்த முறை கத்தாமல், "டேப்பைத் திறங்க."